காது ஒழுகுகிறது, எலும்பில் ஏன் ஆபரேஷன்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மூன்று வருடமாக வலது காதில் சீழ் வடிகிறது. கொஞ்சமாகத்தான் வரும், வலியே இல்லை, ஆனால் நாற்றம் தாங்க முடியாது. சொட்டு மருந்து விட்டால் நின்று மறுபடி வருகிறது. இப்போது ஸ்கேன் பார்த்துவிட்டு, காதுக்குப் பின்னால் எலும்பு அரித்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். காதில் சீழ் வந்தால் எலும்பை ஏன் தொட வேண்டும்? பயமாக இருக்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் காதுமடலுக்குப் பின்னால் விரல் வைத்துப் பாருங்கள், மேடாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதற்குப் பெயர் மாஸ்டாய்டு. பொட்டெலும்பின் ஒரு பகுதி அது. தொட்டால் கெட்டியாக இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே தேன்கூடு மாதிரி காற்று அறைகள்தான், அவை நடுக்காதோடு ஒரு சின்ன வழியால் இணைந்திருக்கின்றன. அதனால் காதில் நடப்பது காதோடு நிற்பதில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கொஞ்சமாக வரும் சீழ், நாற்றம், ஸ்கேனில் எலும்பு அரிப்பு, இதெல்லாம் பெரும்பாலும் கொலஸ்டியடோமா. பெயரைக் கேட்டுக் கொலஸ்ட்ராலோ என்று நினைக்காதீர்கள், 1838-ல் பெயர் வைத்தபோது நேர்ந்த தவறு அது. புற்றுநோயும் இல்லை. நடுக்காதில் காற்றழுத்தம் குறைந்து செவிப்பறையின் ஒரு மூலை பை போல உள்ளே இழுபடும், அந்தப் பைக்குள் உதிர்கிற தோல் வெளியே வர வழியில்லாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, பக்கத்து எலும்பை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே போகும். முதலில் போவது கேட்பதற்கு உதவும் குட்டி எலும்புகள்தான். அவற்றில் கடைசி எலும்பு மூன்று மில்லிமீட்டர் அளவுதான், நம் உடம்பிலேயே மிகச் சிறியது.

அப்புறம் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். முகத்தை அசைக்கும் நரம்பு இந்த எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் வழியாகப் போகிறது. நடுக்காதின் கூரைக்கு மேலே மூளை, அந்தக் கூரை சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பின்னால், மூளையிலிருந்து ரத்தத்தைக் கழுத்துக்கு இறக்கும் பெரிய ரத்தக்குழாய். உள்பக்கம் சத்தத்தை உணரும், நத்தை போலச் சுருண்ட உள்காதும் தலைசுற்றாமல் காக்கும் வளையங்களும். அரிப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொட்டு மருந்து சீழைக் காய வைக்கும், பையை எடுக்காது. அதனால்தான் எலும்பை டிரில் செய்து, நோயைச் சுத்தமாக எடுக்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள் அம்மா.

ஆபரேஷனுக்கு முன் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு இது திரும்ப வரும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால், சிலருக்கு ஒரு வருடம் கழித்து மறுபடி திறந்து பார்ப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கில் ருசி கொஞ்ச நாள் மாறலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அதுவரை காதுக்குள் காய்ச்சிய எண்ணெய் விடக் கூடாது, தண்ணீரும் போகக் கூடாது. காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கடும் தலைவலி, காய்ச்சல், தலைசுற்றல் வந்தாலோ, ஆபரேஷன் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.