சாவி தொலைந்த பழைய கார்: இக்னிஷன் பூட்டைக் கழற்றுவது பற்றிக் கேள்வி பதில்

பாண்டி, கடலூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. நெல்லித்தோப்பில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஆர்.சி. உங்கள் பெயரிலோ வீட்டார் பெயரிலோ இருக்கிற வண்டிக்கு மட்டும்தான் இதெல்லாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அண்ணே, அப்பாவோட அம்பாசிடர் சாவி காணோம். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே அடித்துத் திருப்பிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. உள்ளே சுழல்கிற உருளை பித்தளை. அதைச் சுற்றியிருக்கிற கூடு துத்தநாகக் கலவையில் வார்த்தது, அடி தாங்காது, விரிசல் விட்டுவிடும். அது விரிந்தால் பின்பக்கத்து மின் இணைப்பு, அதாவது கான்டாக்டும், இடம் மாறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணைய ஆரம்பிக்கும். அம்பாசிடர் தயாரிப்பு நின்றது 2014-ல். கடையில் கிடைக்கிற புதுப் பூட்டு வேலை செய்யும், மறுக்கவில்லை, ஆனால் அப்பா திருப்பிய பூட்டு போனது போனதுதான். சாவி இல்லையென்றால் பூட்டுக்குச் சாவி செய்ய வேண்டும், பூட்டை உடைக்கக் கூடாது. நான் யாரிடமும் விடாமல் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

முதலில் டார்ச் அடித்துப் பூட்டின் முகத்தைப் பாருங்கள். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பூட்டு போட்ட பழைய பிரிட்டிஷ் கார்களில் எஃப்.எஸ்., எஃப்.ஏ. மாதிரி எழுத்தும் பக்கத்தில் எண்ணும் பொறித்திருக்கும். அதுதான் சாவியின் எண். அது இருந்தால் எதையும் கழற்றாமலே சாவி வாங்கிவிடலாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: எண் தேய்ந்துபோயிருக்கிறது சார். பூட்டை எப்படி வெளியே எடுப்பது?

டேஷ்போர்டில் இருக்கிற பூட்டு என்றால் சாவியே தேவையில்லை. பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டி பலதில் பாசிட்டிவ்தான் எர்த்தாக இருக்கும், அதனால் கறுப்பு வயர் எது என்று தேடாமல் பாடியோடு சேர்ந்த முனை எது என்று பாருங்கள். அப்புறம் பூட்டின் முகத்தைச் சுற்றி ஒரு வளைய நட் இருக்கும், விளிம்பில் சின்னச் சின்ன வெட்டு தெரியும். பிளையரால் கடித்தால் குரோம் உரிந்துவிடும். நம்ம ஊர் உப்புக்காற்றில் அந்த மரை பச்சை பூத்துப் பிடித்திருக்கும், முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு வையுங்கள். மறுநாள் டேஷ்போர்டில் டேப் ஒட்டிக்கொண்டு, பித்தளைக் கம்பியின் முனையை அந்த வெட்டில் வைத்து இடப்பக்கமாக மெதுவாகத் தட்டுங்கள். அரைச் சுற்று அசைந்துவிட்டால் மிச்சம் விரலாலேயே வரும். ஸ்விட்ச் பின்பக்கமாக விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயரைப் பிடுங்குவதற்கு முன் ஒரு போட்டோ. லூகாஸ் முறைப்படி பழுப்பு பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷனுக்குப் போவது, வெள்ளையில் சிவப்புக் கோடு ஸ்டார்ட்டருக்கு. ஆனால் முப்பது நாற்பது வருஷத்தில் எத்தனை பேர் கை வைத்தார்களோ, கலரை நம்பாதீர்கள், ஒவ்வொரு வயரிலும் பேப்பர் டேப் சுற்றி எண் எழுதுங்கள். பூட்டோடு நேராகச் சாவி செய்கிறவரிடம் போங்கள். உள்ளே இருப்பது மெல்லிய பித்தளைத் தகடுகள், கைநயமானவர் அந்தத் தகடுகளைப் பார்த்தே சாவியை அராவிவிடுவார்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: கூட்டை விட்டுவிட்டு உருளையை மட்டும் எடுக்க முடியாதா?

முடியும், ஆனால் அதற்குத்தான் சாவி வேண்டும். கூட்டின் பக்கவாட்டில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். சாவியைக் கொஞ்சம் திருப்பி, மெல்லிய கம்பியை அதில் விட்டு உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பின்னை அழுத்தினால் உருளை வெளியே வரும். சாவி இல்லாதபோது அந்தப் பின் ஓட்டைக்கு நேராக வராது. அதைக் குடைகிறேன் என்று டிரில் போட்டுப் பூட்டைக் கெடுத்தவர்கள் நிறைய.

கடலூர் முதுநகரிலிருந்து: 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் பத்மினி காரின் டேஷ்போர்டு வரை தண்ணீர். சாவி இருக்கிறது, திரும்பவில்லை.

சாவியை முறுக்காதீர்கள், உள்ளே ஒடிந்தால் இரண்டு வேலை. வண்டல் தகடுகளுக்கு நடுவே போய் இறுகியிருக்கிறது. மின் இணைப்புகளைச் சுத்தம் செய்கிற கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை சாவித்துளையில் தாராளமாக அடித்து, சாவியை உள்ளே வெளியே மட்டும் நகர்த்துங்கள், அழுக்கு கறுப்பாக வடியும். தெளிந்து வந்தபின் கிராஃபைட் தூள் போடுங்கள். தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து மறுபடி பசையாகிவிடும். பின்பக்கக் கான்டாக்டையும் திறந்து பார்த்துவிடுங்கள், உப்பு அங்கேதான் தங்கும்.

உழவர்கரையிலிருந்து: ஸ்டீயரிங் பூட்டு சேர்ந்த வெளிநாட்டுக் கார் என்னுடையது. அதையும் இப்படிக் கழற்றலாமா?

இது வேறு விஷயம். அமெரிக்காவில் 1970-லிருந்தே சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்கோ கியரோ பூட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது, அந்தக் காலத்துக் கார்கள் பலதில் இந்த அமைப்பு இருக்கும். இறுக்கியதும் தலை ஒடிந்துவிடுகிற போல்ட்டால் பிடித்திருப்பார்கள், சுலபமாகக் கழற்றக் கூடாது என்றேதான் அந்த ஏற்பாடு. வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய், அந்த போல்ட்டில் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கதவுப் பூட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி, பூட்டோடு கதவுக் கைப்பிடியைக் கழற்றிச் சாவி செய்கிறவரிடம் கொண்டுபோனால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் கவனம்: பாதி கழற்றிய ஸ்டீயரிங் பூட்டோடு சாலையில் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். ஈ.சி.ஆர். வளைவில் ஸ்டீயரிங்கைப் பூட்டுகிற பின் விழுந்து அது இறுகினால் உயிர் போகும்.

முதலியார்பேட்டையிலிருந்து: பூட்டே வேண்டாம், பட்டன் வைத்துவிட்டால்?

பிளாட்டினம் பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுகிற மின் தொடுமுனை) இருக்கிற எஞ்சின் நின்றிருக்கும்போது பட்டன் ஆனிலேயே இருந்துவிட்டால், பாயிண்ட் மூடியிருக்கிற நிலையில் இக்னிஷன் காயில் (coil) சூடேறிக் கெடும். சாவி இருந்தால் எடுக்கிற பழக்கத்திலேயே அணைத்துவிடுவோம், பட்டனில் அந்தப் பழக்கம் வராது. திருட்டுக்கும் கதவைத் திறந்து வைத்த மாதிரி. நான் வைத்துத் தருவதில்லை.

பண்ருட்டியிலிருந்து: சாவியும் ஆர்.சி.யும் இல்லாமல் ஒரு பழைய ஹெரால்டு கார் விலைக்கு வருகிறது. வாங்கலாமா அண்ணே?

சாவி இல்லாதது பிரச்சினையே இல்லை, ஆர்.சி. இல்லாததுதான் பிரச்சினை. சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரியுங்கள், விற்கிறவரும் கூட வரட்டும். வரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' எழுத்தோடு தனிப் பதிவு உண்டு, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அதற்கும் காகிதம் கேட்பார்கள். காகிதம் சரியாக இருந்தால் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள், கதவுப் பூட்டையும் சேர்த்து. இரண்டுக்கும் ஒரே சாவி போட முடியுமா என்று பார்க்கலாம்.