தொலைந்த ஆட்டைச் சிப்பிப்பாறை நாய் ஏன் தேடுவதில்லை?

கேள்வி: பெங்களூரை அடுத்த ஆனேக்கல் வட்டத்தில், பன்னேர்கட்டா காட்டோரமாக ஆடு மேய்க்கிறேன். என் சிப்பிப்பாறை நாய் முயலைக் கண்டால் பாய்ந்து துரத்துகிறது. வழிதவறிய ஆட்டைத் தேடவிட்டால் காலையில் சற்று முயல்கிறது, நண்பகலில் நின்றுவிடுகிறது. இது நாயின் குறையா? வேட்டை நாய்கள் எவ்வாறு தடம் பிடிக்கின்றன?

பதில்: தங்கள் நாயிடம் குறை இருப்பதாகத் தெரியவில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும், கர்நாடகத்தின் முதோல் நாயும் இரையைக் கண்ணால் கண்டு வேகத்தால் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. மோப்பம் அவற்றுக்கும் உண்டு. எனினும் தரையில் மூக்கை வைத்துத் தொடர்வதைவிடத் தலை நிமிர்த்திப் பார்ப்பதே அவற்றின் இயல்பு.

ஆடு நடக்கும்போது தோல் துகள்களும் மயிரும் உதிர்ந்துகொண்டே வருகின்றன. குளம்பு பட்டு நசுங்கிய புல்லும் கிளறப்பட்ட மண்ணும் தனி வாசனை விடுகின்றன. இவை கலந்ததே நாய்க்குத் தடம். மோப்பம் பிடிக்கும் நாய் நொடிக்கு ஏறத்தாழ 5 முறை காற்றை உறிஞ்சுகிறது; வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் பின்னோக்கிச் செல்வதால், எதிரேயுள்ள வாசனை கலைவதில்லை. உள்ளே போன காற்றில் ஒரு பகுதி மூச்சுப்பாதையிலிருந்து பிரிந்து, மோப்ப உணர்வணுக்கள் செறிந்த பின்பகுதியை அடைகிறது. தடம் எந்தத் திசையில் போகிறது என்பதைக்கூட, அடுத்தடுத்த காலடிகளின் வாசனையில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு நாய் அறியும். பயிற்சி பெற்ற நாய்களுக்கு மனிதரின் 5 காலடிகளே இதற்குப் போதும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

நண்பகலில் அது நின்றுவிடுவதற்குக் காரணம் வெயில். ஈரமான, குளிர்ந்த தரையில் வாசனை தங்கும். காய்ந்து சூடேறிய தரையிலிருந்து அது மேலெழுந்து சிதறிவிடும். போதாக்குறைக்கு, வெப்பத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்கவும் இயலாது. ஆகவே ஆட்டைக் காணோம் என்றால் பனி உலர்வதற்குள் தேடுங்கள். அது கடைசியாக நின்ற இடத்தை ஆட்களும் மற்ற ஆடுகளும் மிதித்துக் குழப்பாதபடி காத்து, நாய்க்குத் தண்ணீர் காட்டி அங்கிருந்தே தொடங்குங்கள்.

பழக்குவதற்கு, விடியற்காலையில் ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்து ஐம்பது அடி தூரம் புல்லில் நடத்திச் சென்று, புதர் மறைவில் கட்டிவையுங்கள். நீளமான வாரில் நாயைப் பிடித்துத் தடத்தின் தொடக்கத்தில் விட்டு, ஆட்டை அடைந்ததும் தீனி கொடுங்கள். பழகப் பழகத் தூரத்தையும், ஆடு போனபின் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டலாம். நடுவழியில் தடத்தைத் தவறவிட்டால் அதட்டாமல், கடைசியாக உறுதியாக முகர்ந்த இடத்துக்குத் திரும்ப அழைத்துச் சென்று, சுற்றித் தேட விடுங்கள். காற்று வாசனையைத் தடத்துக்குப் பக்கவாட்டில் தள்ளியிருக்கலாம். இந்த வேலைக்குச் சில நேரம் சாதாரண நாட்டு நாயே மேல் என்பது என் கருத்து. புதிதாகச் சீமை நாய் வாங்கப் பணம் செலவிட வேண்டாம்.

முயல் துரத்தலை உடனே நிறுத்துங்கள். நாயை ஏவிக் காட்டு விலங்கைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே, தண்டனைக்குரியது. பன்னேர்கட்டாவில் சிறுத்தையும் யானையும் நடமாடுவதால், அந்தி சாய்ந்தபின் நாயை வாரின்றிக் காட்டுக்குள் அனுப்பாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவாருங்கள்.