தமிழ் டிஎன்ஏவில் இல்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இங்கே பெங்களூருவில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்தவர்கள் வாட்சனும் கிரிக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் படத்தைத் திருடித்தான் கண்டுபிடித்தார்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டாள். உண்மை என்ன? அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் உங்கள் பதிலை நான்தான் படித்துக்காட்ட வேண்டும். ஆனாலும், தமிழ் எங்கள் டிஎன்ஏவிலேயே இருப்பதால் எனக்கு அதில் கவலையில்லை.

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகளின் கோபம் நியாயமானது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தை, அடுத்த ஜனவரியில் அதே கல்லூரியின் விஞ்ஞானி மாரிஸ் வில்கின்ஸ், ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலே வாட்சனிடம் காட்டினார். 1953 ஏப்ரல் 25 அன்று ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த வாட்சன், கிரிக் கட்டுரையில் அவருக்குரிய மரியாதை செய்யப்படவில்லை. வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்த 1962இல், ஃபிராங்க்ளின் 37 வயதில் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. டிஎன்ஏ இழையின் எழுத்துகளான காரங்களில் எது எதோடு இணை சேர்கிறது என்பது படத்தில் இல்லை; அதைக் கண்டறிந்தவர்கள் வாட்சனும் கிரிக்கும்தான். அதனால் திருட்டு என்பது சற்றுக் கூடுதலான சொல். மற்றபடி மகளிடம் தோற்றதை ஒப்புக்கொள்ளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. வீரம் எங்கள் டிஎன்ஏவில் இருக்கிறது, தமிழ் எங்கள் டிஎன்ஏவில் இருக்கிறது என்ற பேச்சை இந்த நகரத்துத் தமிழ்க் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் செய்யாமல் விட்ட வேலைக்கு ஒரு மூலக்கூறைச் சாக்காகச் சொல்லாதீர்கள். மனித மரபுத்தொகுதியின் சுமார் 300 கோடி கார இணைகளில், எந்தப் புரதம் எந்த உயிரணுவில் எப்போது உருவாக வேண்டும் என்ற குறிப்புகள் இருக்கின்றன. ‘அ’ என்ற எழுத்தின் வளைவு அவற்றில் எங்கும் இல்லை. பேச்சுக்குத் துணைபுரியும் மரபணுக்கள் உண்டு. ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் ஒரே ஒரு கார மாற்றம் நேர்ந்ததால்தான் லண்டனில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பேசத் திணறினார்கள் என்பது 2001இல் தெரியவந்தது. ஆனால் அந்த மரபணு தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பொது.

டிஎன்ஏகூடச் சும்மா இருந்தால் கைமாறுவதில்லை என்பதை நீங்கள் யோசித்ததுண்டா? உயிரணு பிரிவதற்கு முன் ஒரு நொதி இரு இழைகளையும் பிரித்துவிடுகிறது. உயிரணுவுக்குள் உதிரியாக இருக்கும், ஆளுக்கொரு காரத்தைச் சுமக்கும் நியூக்ளியோடைடு என்னும் துண்டுகளை எடுத்து, அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின் என ஒவ்வொன்றாகக் கோத்துப் புதிய இழையைக் கட்டுகிறது பாலிமரேஸ் என்னும் இன்னொரு நொதி. பழைய இழை திறந்துகொண்டு அச்சாக நின்றால்தான் இது நடக்கும். இதை மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் நிறுவிய விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பாக்டீரியாக்களைப் பல தலைமுறைகள் கனமான நைட்ரஜனிலேயே வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, அவற்றின் டிஎன்ஏவைச் சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றி, அடர்த்திக்கேற்பப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் கனமானதும் இல்லை, லேசானதும் இல்லை. இரண்டுக்கும் சரியாக நடுவில் ஒரே ஒரு பட்டை நின்றது. பிறந்த ஒவ்வொரு சுருளிலும் ஓர் இழை தாயினுடையது, ஓர் இழை புதியது. ஆகவே இதை நகலெடுத்தல் என்று மகளுக்குச் சொல்லாதீர்கள், இரட்டிப்பாதல் என்றே சொல்லுங்கள். நகலெடுத்தால் அசல் ஒரு பக்கம் முழுதாக இருக்கும். இங்கே அசல் என்று தனியாக எதுவும் மிஞ்சுவதில்லை.

நான் அல்சூரில் கன்னடப் பள்ளியில் படித்தவன். எனக்குத் தமிழ் எழுத்து வந்தது மளிகைப் பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாள்களிலிருந்து. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட அம்மா, பருப்பைக் கொட்டிவிட்டு அந்தக் காகிதத்தை உள்ளங்கையால் நீவி விரிப்பார். எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும். அதைப் பார்த்து நான் சிலேட்டில் எழுத வேண்டும். ஒருநாள் மணல் என்பதை ‘மனல்’ என்று எழுதிவிட்டேன். அம்மா சிலேட்டு முழுவதையும் அழிக்கவில்லை. விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு அந்த ஓர் எழுத்தை மட்டும் துடைத்து, “மூணு சுழி” என்று சொல்லி என் கையைப் பிடித்து எழுதவைத்தார். பாலிமரேஸும் தவறான காரத்தைச் சேர்த்துவிட்டால் ஓரடி பின்வாங்கி அதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுச் சரியானதைப் பொருத்துகிறது என்று கல்லூரியில் படித்த அன்று, எனக்கு நினைவுக்கு வந்தது பெருங்காயம் மணக்கும் அந்த ஈர விரல்தான். இப்படித் திருத்தித் திருத்தித்தான் கடைசியில் சுமார் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவுக்கு அது வருகிறது. உங்கள் மகளின் பதினைந்து ஆண்டுகளில் நீங்கள் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தியதில்லை. கவலையில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்தப் பதிலை அவளுக்குப் படித்துக்காட்டாதீர்கள். ஃபிராங்க்ளின் பெயர் வரும் முதல் பத்தியை மட்டும், எத்தனை வாரம் ஆனாலும், எழுத்துக் கூட்டி அவளே படிக்கட்டும். அவள் ஜெயித்த செய்தி அதில்தான் இருக்கிறது.