சென்சார் சிப் நேராக இன்னொரு சிப்போடு வயரில் இணைந்திருந்தால், லினக்ஸ் டிரைவரில் அதை எப்படிக் காட்டுவது?

உங்கள் போர்டில் சிக்மா-டெல்டா மாடுலேட்டரின் (அனலாக் சிக்னலை 0, 1 பிட் ஓட்டமாக மாற்றும் சென்சார் பக்கத்து சிப்) அவுட்புட், எஸ்டிஎம்32 பிராசசர் சிப்புக்குள் இருக்கும் டிஎஃப்எஸ்டிஎம் ஃபில்டருக்கு (அந்த பிட்களை எண்ணாக மாற்றும் ஹார்டுவேர்) நேராகப் போகிறது. டேட்டா கைக்கே வராத மாடுலேட்டருக்குத் தனி டிரைவர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். டிரைவர் வேண்டும். அதில் பஃபர்தான் (சாம்பிள்களைச் சேர்த்து வைக்கும் மெமரி) வேண்டாம்.

மாடுலேட்டர் ஒற்றை ஒற்றை பிட்டாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கிளாக் 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 2 கோடி பிட். இதை இன்டரப்ட் போட்டுப் படிக்க நினைப்பது வீண். 256 மடங்கு ஓவர்சாம்பிளிங் (256 பிட்டுக்கு ஒரு சாம்பிள்) வைத்தால் ஃபில்டர் அதை நொடிக்கு 78,125 சாம்பிளாகச் சுருக்கிவிடும். 24 பிட் மதிப்புகள் டிஎம்ஏ (சிபியூ தலையிடாமல் டேட்டாவை நகர்த்தும் ஹார்டுவேர்) வழியாக மெமரிக்கு வரும். ஆகவே பஃபர் ஃபில்டர் டிரைவருக்கே சொந்தம். மாடுலேட்டர் சிப்பை எழுப்புவதும் தூங்கவைப்பதும்தான் அதன் டிரைவருக்கு வேலை.

இந்த உறவைச் சொல்லத்தான் கர்னலின் ஐஐஓ பகுதியில் (சென்சார், ஏடிசி டிரைவர்களுக்கான பகுதி) 'ஹார்டுவேர் கன்ஸ்யூமர்' வந்தது. 2018இல் வெளியான கர்னல் 4.16லிருந்து இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன ஹார்டுவேர் உண்டு என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ஃபில்டர் நோடில் 'ஐஓ-சேனல்ஸ்' என்று மாடுலேட்டரைச் சுட்டுங்கள். ஃபில்டர் டிரைவர் பஃபரைத் திறக்கும்போது முதலில் கன்ஸ்யூமரை எனேபிள் செய்து, பிறகு டிஎம்ஏவைத் தொடங்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். மாடுலேட்டர் விழிப்பதற்கு முன் ஃபில்டர் ஓட ஆரம்பித்தால் முதலில் வரும் சாம்பிள்கள் குப்பை. இதைச் சமாளிக்க டிரைவரில் டிலே போட்டு வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இங்கே சிக்கல் வந்தால் டிமெஸ்ஜி (கர்னல் லாக்) பெரும்பாலும் எதுவும் சொல்லாது. மதிப்பு அசையாமல் ஒரு எல்லையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் டேட்டா வயர் 0 அல்லது 1இல் மாட்டியிருக்கும். மாடுலேட்டரின் பவரை முதலில் பாருங்கள். சாம்பிளே வரவில்லையென்றால் கிளாக்கைப் பாருங்கள். ஃபில்டர் டிரைவர் ப்ரோப் ஆகவே (டிவைஸோடு இணைந்து தொடங்கவே) இல்லையென்றால், மாடுலேட்டர் டிரைவர் லோட் ஆகாததால் காத்திருக்கக்கூடும். டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் பிழைதேடும் கோப்புகள் இருக்கும் இடம்) 'டிவைசஸ் டெஃபர்ட்' கோப்பைத் திறந்தால் காத்திருக்கும் டிவைஸின் பெயர் தெரியும்.

புதிதாக எழுதுவதானால் 2024இல் கர்னல் 6.9உடன் வந்த 'ஐஐஓ பேக்எண்ட்' முறையையே எடுங்கள். டிஎஃப்எஸ்டிஎம் டிரைவரும் அதற்கு மாறிவிட்டது. மாடுலேட்டர் தனி டிவைஸாக யூசர்ஸ்பேஸில் தலைகாட்டாது. ஸ்கேலை (எண்ணை உண்மையான அளவாக மாற்றும் பெருக்கெண்) ஃபில்டர் டிரைவரே அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். பழைய டிவைஸ் ட்ரீ வைத்திருக்கும் போர்டுகளுக்கு மட்டும் கன்ஸ்யூமர் வழி போதும்.