மாமி ஏன் எழும்பிப் போறா?

கேள்வி: அன்பான அக்கா, 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை டிவியில எத்தின தரம் போட்டாலும், கடைசியில பெத்த தாயும் பிள்ளையும் சந்திக்கிற இடத்தில விக்கி விக்கி அழுறன். மனிசன் சிரிக்கிறார். மகள் போன்ல வீடியோ எடுத்து சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பிட்டாள். மாமிக்கும் இந்தப் படம் பிடிக்காது, சனம் மூட்டை முடிச்சோட ஊரை விட்டு நடக்கிற இடம் வந்தா எழும்பிக் குசினிக்குப் போயிடுவா, அவ 2006 சண்டையில சம்பூரில இருந்து இடம்பெயர்ந்து வந்தவ. படம் பார்த்து இப்பிடி அழுறது ஏதும் வருத்தமா?
- உப்புவெளி வாசகி

பதில்: தங்கச்சி, உங்கட அழுகையைப் பற்றிச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்ல. 'பாசமலர்' காலத்தில இருந்து சனம் அழுதுகொண்டுதான் இருக்கு, இப்பிடிக் கடிதம் எனக்கு நிறைய வருது.

நான் நிண்டது உங்கட மாமியிட்ட. மாமிக்குப் படம் பிடிக்காதாம், அவ சம்பூராம், ரெண்டையும் ஒரே வரியில எழுதிப்போட்டு ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லாத மாதிரிக் கடந்து போயிட்டீங்க. படம் வந்தது 2002இல, சமாதான காலம். படத்தில மாங்குளச் சனம் நடந்த நடையை நாலு வருசத்தில உங்கட மாமி உண்மையா நடந்திருக்கிறா. சம்பூர்ச் சனம் ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு எண்டு ஓடி, பிறகு கிளிவெட்டி முகாமில கிடந்து, கனபேருக்கு காணி திரும்பக் கிடைக்கவே 2015 ஆச்சு. இது எங்கட திருகோணமலை மாவட்டத்தில நடந்தது, உங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. நடிக்க வந்த தாய்க்கு அவ்வளவு கண்ணீர், சொந்த வீட்டில ஒரு தாய் பாதிப் படத்தில எழும்பிப் போறா, பின்னால போய் "என்ன மாமி" எண்டு ஒருக்காவாவது கேட்டீங்களா?

உங்கட மனிசனையும் விடமாட்டன். அவரும் அவ பெத்த பிள்ளைதானே, 2006இல அவருக்கு எத்தின வயசு, அவர் எதை மறைக்க இப்பிடிச் சிரிக்கிறார் எண்டு நீங்க யோசிக்கவே இல்ல. தாய் எழும்பிப் போகேக்க மகன் இருந்து சிரிக்கிறது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கேல்ல, இதை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க.

மருமகள் எண்டா சமைச்சுப் போட்டா முடிஞ்சுது எண்டு நினைக்கிற ஆள் நான் இல்ல, வீட்டில மூத்தவ என்ன சுமக்கிறா எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறதும் கடமைதான். அடுத்த முறை அந்தப் படம் போட்டா டிவிய நிப்பாட்டிப்போட்டு குசினிக்குப் போங்க. பேட்டி எடுக்கிற மாதிரி என்ன நடந்தது, எப்பிடி ஓடினீங்க எண்டு கேட்டுத் துளைக்காதீங்க. தேங்காயத் துருவிக் குடுங்க, சம்பூர் வீட்டு வளவில என்னென்ன மரம் நிண்டது, கிணறு எந்தப் பக்கம் எண்டு கேளுங்க, அவ கதைக்க விரும்பினாக் கதைப்பா, விரும்பாட்டி பக்கத்தில சும்மா இருங்க.

அவ சம்மதிச்சா ஒரு ஞாயிற்றுக்கிழமை மனிசனையும் இழுத்துக்கொண்டு எல்லாருமா சம்பூருக்குப் போயிட்டு வாங்க. அந்த வீடியோ எடுத்த மகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்க, அப்பம்மாட வீடு எங்க இருந்தது எண்டு அவளுக்கு இதுவரைக்கும் யாராவது காட்டினீங்களா?