ரிப்போட்டில எல்லாத்துக்கும் நேர "ஆர்" எண்டு இருக்கு, இனி என்ன செய்யிறது? – ஆஸ்பத்திரிக் கிருமிகள் பற்றி நீங்கள் கேட்டவை

ஆஸ்பத்திரியில தொத்துற கிருமிகளைப் பற்றிக் கனபேர் கேட்டிருந்தீங்கள். நான் இருக்கிறது கல்ச்சர் பாக்கிற, அதாவது சளி, யூரின், ரத்தத்தில இருக்கிற கிருமியை வளத்துப் பாக்கிற லாப்பில, அதால எனக்குத் தெரிஞ்ச பக்கத்தில இருந்து சொல்றன். உங்கட ஆளுக்கு எந்த மருந்து எண்டதை அவரைப் பாக்கிற டொக்டர்தான் முடிவெடுக்கோணும்.

அப்பாக்கு ஒபரேஷனுக்குப் பிறகு ஐசியுவில வென்டிலேட்டர் போட்டு 9 நாள். சளியில அசினெட்டோபக்டர் எண்டு ரிப்போட் வந்திருக்கு, மருந்துப் பேர் எல்லாத்துக்கும் நேர "ஆர்". இது அவ்வளவு கொடூரமான கிருமியா? (உப்புவெளி)

தங்கச்சி, முதல் ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. கிருமியின்ட வீரியம், அதாவது நோய் செய்யிற பலம் வேற, மருந்துக்கு மசியாத தன்மை வேற. ரிப்போட்டில "ஆர்" எண்டு இருந்தா அந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கேல்ல எண்டு மட்டும்தான் அர்த்தம். லாப்பில நாங்கள் கிருமியை அகார் எண்ட கூழ் ஊத்தின ஒரு தட்டில பூசி, மருந்து தோய்ச்ச சின்ன வட்டத் தாள்களை மேல வைப்பம், அடுத்த நாள் காலமை எடுத்துப் பாத்தா வேலைசெய்யிற மருந்தைச் சுத்தி ஒரு வெறும் வளையம் தெரியும், வேலைசெய்யாத தாளுக்குக் கிட்ட கிருமி விளிம்பு முட்ட வளந்திருக்கும். எல்லாத் தாளும் அப்பிடி மூடிக் கிடக்கிற தட்டைக் கையில பிடிச்சிருக்கேக்க எனக்கு இப்பவும் நெஞ்சு பாரமாத்தான் இருக்கும், ஏனெண்டா அங்கால வார்டில ஒராள் அந்த ரிப்போட்டுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்.

ஆனா அசினெட்டோபக்டர் சுகமா நடந்து திரியிற ஆக்களை லேசில ஒண்டும் செய்யாது. தொண்டையில குழாய், நரம்பில சலைன், ஒபரேஷன் காயம் எண்டு உடம்புக்கு வழி திறந்து கிடக்கிற ஆக்களிலதான் அது ஏறும். கட்டில் கம்பி, மொனிட்டர் பட்டன் மாதிரிக் காஞ்ச இடங்களில கிழமைக்கணக்கா உயிரோட கிடக்கும், அதுதான் அதின்ட பலம். மருந்தில இருந்து தப்புறதுக்கும் அதுக்குக் கன வழி இருக்கு. மருந்து நுழையிற துவாரத்தைக் குறைச்சுக்கொள்ளும், மருந்தை வெட்டுற நொதியம் செய்யும், அதையும் மீறி உள்ள வந்ததை, வள்ளத்துக்குள்ள ஏறின தண்ணியை இறைச்சுக் கொட்டுற மாதிரி, பம்ப் வச்சு வெளிய தள்ளும்.

டொக்டரிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: "இது சும்மா இருக்கிற கிருமியோ, நோய் செய்யிற கிருமியோ?" வென்டிலேட்டரில இருக்கிற ஆளின்ட சளியில கிருமி வந்தது எல்லாம் நிமோனியா எண்டில்ல. காய்ச்சல், எக்ஸ்ரே, ஒக்சிசன் தேவை எல்லாம் சேத்துப் பாத்துத்தான் முடிவெடுப்பினம். ரத்தத்தில வந்திருந்தா அது வேற கதை, பாவிக்கக்கூடிய மருந்து குறைவெண்டபடியால நிலைமை கஷ்டம்தான், அதை நான் மறைக்கேல்ல.

வீரியமும் மருந்து எதிர்ப்பும் ஒரே கிருமியில சேருமா? (நேர்ஸிங் படிக்கிற தம்பி, திருகோணமலை டவுன்)

நல்ல கேள்வி தம்பி. சேரும், இப்ப சேர்ந்துகொண்டும் இருக்கு. கிளெப்சியெல்லா நிமோனியேயை எடுங்கோ. அதில ஒரு வகை மருந்துக்கு மசியாது, ஆனா பலவீனமான நோயாளிகளைத்தான் தேடும். இன்னொரு வகை நல்ல சுகமா இருந்த ஆளுக்கே ஈரல்ல சீழ்க்கட்டி வைக்கும், சில பேருக்குக் கண்ணுக்கும் மூளைக்கும் போகும், 1980களில தாய்வான்லதான் அதை முதல்ல கவனிச்சவை, ஆனா அதுக்கு அனேகமான மருந்து கேக்கும். இந்த வீரிய வகையைத் தட்டில லூப் எண்ட சின்னக் கம்பி வளையத்தால தொட்டு மெல்லத் தூக்கினா, பலாப்பழப் பால் மாதிரி நூலா இழுபடும், 5 மில்லிமீற்றருக்கு மேல இழுபட்டா நாங்கள் உடன வார்டுக்குச் சொல்லுவம். அந்தப் பிசுபிசுப்பு அதின்ட தடிச்ச உறை. வெள்ளையணுக்கள் அதை விழுங்க ஏலாமல் வழுக்கிப் போகும். கூடவே எங்கட உடம்பில இருந்து இரும்புச்சத்தைப் பறிக்கிற பதார்த்தமும் நிறையச் சுரக்கும்.

இந்த ரெண்டு குணத்தின்ட ஜீன்களையும் பிளாஸ்மிட் எண்ட சின்ன டிஎன்ஏ வளையங்கள் காவலாம், பக்கத்துக் கிருமிக்கும் குடுக்கலாம். 2016ல சீனாவின்ட ஹாங்சோவில ஒரு ஐசியுவில ரெண்டும் சேர்ந்த கிளெப்சியெல்லா தொத்தி 5 பேரும் செத்துப்போச்சினம். 2024ல உலக சுகாதார நிறுவனமும் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதனால கையைக் கழுவச் சொல்லித் தந்தா அது சின்னப் பாடம் எண்டு நினைக்காதைங்கோ, ஒரு நோயாளியிட்ட இருந்து மற்றவருக்கு அந்தப் பிளாஸ்மிட்டைக் கொண்டுபோறது அனேகமா எங்கட கைதான்.

அம்மாக்கு யூரின் குழாய் போட்டிருக்கு. யூரின் கல்ச்சர்ல கிருமி வந்தும் டொக்டர் அன்டிபயோட்டிக் தரேல்ல. காய்ச்சல் ஒண்டும் இல்ல. கவனிக்காமல் விட்டுட்டினமா? (கிண்ணியா)

இல்ல, சரியாத்தான் செய்திருக்கினம். குழாய் போட்டிருக்கிற ஒவ்வொரு நாளும் 100ல 3 தொடக்கம் 7 பேருக்குப் புதுசா யூரின்ல கிருமி ஏறும், மாசக்கணக்கா வச்சிருந்தா ஏறாத ஆளே இல்ல. குழாயின்ட சுவர்ல அது வழுவழுப்பா ஒரு படலம் கட்டி உள்ளுக்கு இருக்கும், கிணத்துப் படியில பாசி பிடிக்கிற மாதிரி. அதுக்குள்ள மருந்து சரியா வேலை செய்யாது, கொஞ்சம் குடுத்தா லேசான கிருமி செத்து மசியாதது மிஞ்சும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிறு அல்லது இடுப்புப் பக்க நோ, திடீரெண்டு ஆள் தடுமாறிக் கதைக்கிறது வந்தா உடன கொண்டுபோங்கோ. மற்றும்படி நீங்கள் கேக்க வேண்டியது "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" எண்டதுதான்.

அண்ணா வயல் செய்யிறவர், சீனி வருத்தமும் இருக்கு. மாரி மழைக்குப் பிறகு விடாத காய்ச்சல், மெலியோய்டோசிஸ் எண்டு சொல்லினம். எங்களுக்கும் தொத்துமா? மூண்டு மாசம் குளிசை ஏன்? (மூதூர்)

இது ஆஸ்பத்திரியில பிடிக்கிற கிருமி இல்ல, மண்ணிலயும் தண்ணியிலயும் இருக்கிறது, காலில இருக்கிற வெடிப்பு, புண் வழியா உள்ள போகும், மழைக்காலத்தில மூச்சோடயும் போகும். ஆளில இருந்து ஆளுக்குத் தொத்துறது மிக மிக அரிது, தட்டு கோப்பை பிரிச்சு வைக்காதைங்கோ.

இது பிறவியிலேயே மருந்துக்கு மசியாத கிருமி, பெனிசிலின், ஜென்டாமைசின் எல்லாம் வழக்கமாக் கேக்காது. செப்டாசிடிம் இல்லாட்டி மெரோபெனெம் ஊசி ஆகக் குறைஞ்சது 10–14 நாள், பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை 3 மாசம் அல்லது அதுக்கு மேல. எங்கட உடம்பின்ட கலத்துக்குள்ளயே ஒளிச்சிருக்கக்கூடிய கிருமி, அதனாலதான் அவ்வளவு நாள். காய்ச்சல் விட்டுட்டுதெண்டு 3 கிழமையில நிப்பாட்டினா திரும்ப வரும், திரும்ப வந்தா உயிருக்கே ஆபத்து. அண்ணாட சீனியையும் கட்டுப்பாட்டில வச்சிருக்கோணும், வயலுக்கு இறங்கேக்க சப்பாத்து போடச் சொல்லுங்கோ.

போன முறை மிஞ்சின அமொக்சிசிலின் 6 இருக்கு, பிள்ளைக்குத் தடிமன், குடுக்கலாமா? (நிலாவெளி)

வேண்டாம். தடிமன் வைரஸ், அதுக்கு அன்டிபயோட்டிக் கேக்காது.

கொலிஸ்டின் குடுக்கப்போறம், கிட்னியைத் தாக்கலாம் எண்டு சொல்லினம். சம்மதிக்கலாமா? (தம்பலகாமம்)

பழைய மருந்து, கிட்னிக்குக் கூடாதெண்டு 1970களில ஒதுக்கி வச்சது, மற்ற மருந்தெல்லாம் தோத்தபடியால திரும்ப எடுத்திருக்கு. உயிரா கிட்னியா எண்டு வாற நேரத்திலதான் குடுக்கிறது, பாதிப்பு வந்தாலும் கனபேருக்குப் பிறகு தேறி வாறதைப் பாத்திருக்கிறம். கிட்னி எப்பிடி வேலைசெய்யுதெண்டு காட்டுற கிரியேட்டினின் எண்ட ரத்தப் பரிசோதனையை எத்தினை நாளைக்கு ஒருக்காப் பாப்பினம் எண்டு கேட்டு எழுதி வையுங்கோ.

எம்ஆர்எஸ்ஏ இருக்கெண்டு சொல்லி மாமாவை வீட்ட அனுப்பிட்டினம். வீட்டில 2 வயசுப் பிள்ளை இருக்கு. ஆளைத் தனி அறையில விட்டிருக்கிறம், சாப்பாடு கதவடியில வைக்கிறம். (சாம்பல்தீவு)

கதவைத் திறந்து விடுங்கோ, அவரைக் கூட இருத்திச் சாப்பிடச் சொல்லுங்கோ. ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் எண்ட கிருமி சுகமான ஆக்களில 100ல 30 பேரின்ட மூக்கில சும்மாவே இருக்கு, எம்ஆர்எஸ்ஏ எண்டா அதில பெனிசிலின் இனத்து மருந்துகளுக்கு மசியாத வகை. காயத்தை வடிவாக் கட்டி மூடி வையுங்கோ, கட்டை மாத்துறவர் முன்னும் பின்னும் சவுக்காரம் போட்டுக் கழுவோணும், துவாய், சவரக்கத்தி அவருக்குத் தனி, கட்டின துணியைப் பையில போட்டுக் கட்டி எறியோணும். பிள்ளைக்குப் புண், எக்ஸிமா இருந்தா அது காயிற வரைக்கும் அவர்ட காயத்துக்குக் கிட்ட விடாதைங்கோ. மற்றபடி பிள்ளை அவர்ட மடியில இருக்கலாம்.