செயினில் நிற்கும் வீடு: எந்தக் காகிதம், யாரிடம்?

இங்கிலாந்தில் ஒரு வீட்டை விற்று இன்னொன்றை வாங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒருவர் தன் வீட்டை விற்றால்தான் அடுத்ததை வாங்க முடியும் என்று ஒன்றையொன்று நம்பி நிற்கும் விற்பனைகளின் தொடரைத்தான் செயின் என்கிறோம். சொலிசிட்டர் (சட்ட வேலை பார்க்கும் வழக்கறிஞர்) அலுவலகத்தில் வீடு விற்பனைக் கோப்புகளைப் பார்ப்பதுதான் என் வேலை. சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி. ஸ்காட்லாந்தில் நடைமுறையே வேறு.

ஹாரோவிலிருந்து: அக்கா, எங்கள் வீட்டுக்கு வந்த ஆஃபரை ஏற்று ஐந்து மாதம் ஆகிறது. செயினில் எங்களுக்குக் கீழே (வாங்கும் பக்கம்) இரண்டு பேர், மேலே (விற்கும் பக்கம்) ஒருவர். எப்போது கேட்டாலும் "காத்திருக்கிறோம்" என்கிறார்கள். யாரை நெருக்குவது?

"காத்திருக்கிறோம்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். எந்தக் காகிதம், கேட்டது யார், எந்தத் தேதியில் கேட்டார், இப்போது அது யார் கையில் இருக்கிறது? இந்த நாலையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். செயினில் உள்ளவர்கள் வழக்கமாக ஒரே நாளில்தான் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம்) செய்வார்கள், அதனால் ஒருவர் பின்தங்கினாலும் மற்றவர்கள் நின்றுதான் ஆக வேண்டும். உங்கள் சொலிசிட்டர் தொடர்பு கொள்வது உங்களிடம் வாங்குபவர், உங்களுக்கு விற்பவர் இருவரின் சொலிசிட்டர்களோடு மட்டுமே. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரிய எஸ்டேட் ஏஜென்ட்தான் வழி. அவரால் செயின் முழுவதும் போன் செய்து கேட்க முடியும். வாராவாரம் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் கொடுக்கும் கமிஷனில் அந்த வேலையும் அடங்கும்.

இன்னொன்று. செயினின் அடியில் முதல் வீடு வாங்குபவர் கவுன்சில் தேடல்களுக்கு, அதாவது அந்த வீட்டைப் பற்றிய கவுன்சில் பதிவுகளைப் பார்ப்பதற்கு, பணம் கட்டிவிட்டாரா என்று குறிப்பாக விசாரியுங்கள். பணம் வராமல் பெரும்பாலான அலுவலகங்கள் அதை ஆர்டர் செய்வதில்லை. எல்லாரும் கவுன்சிலைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, விண்ணப்பமே போகாமல் கிடந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளின் பள்ளி மாற்றத்தைத் திட்டமிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய அநியாயம்.

குரொய்டனிலிருந்து: எங்களுடையது லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, நமக்கு நீண்டகாலக் குத்தகை) ஃபிளாட், ஆறு மாடிக் கட்டடம். விற்கலாம் என்று யோசிக்கிறோம். இப்போதே செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. விற்பனைக்கு முன்பே இதைக் கேட்டது நல்லது.

முதலில் எல்பிஇ1 (LPE1) என்ற லீஸ்ஹோல்ட் விவரப் படிவம். சர்வீஸ் சார்ஜ் கணக்கு, கட்டட இன்சூரன்ஸ், கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) பாக்கி, வரப்போகும் பெரிய பழுது வேலைகள் எல்லாம் அந்தப் படிவத்தில் வரும். அதை நிரப்பிக் கொடுக்க வேண்டியது உங்கள் கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட். அதற்குச் சில நூறு பவுண்டுகள் கேட்பார்கள், சாவகாசமாகவும் அனுப்புவார்கள். வாங்குபவர் கிடைத்த பிறகு ஆர்டர் செய்வது பலரின் வழக்கம். என் கருத்தில் வீட்டை விளம்பரத்துக்குப் போடும் வாரமே செய்துவிட வேண்டும். சில மாதம் ஓடிவிட்டால் சில பகுதிகளைப் புதுப்பிக்கக் கேட்கலாம். அந்தச் செலவு வந்தாலும் இதுதான் லாபம்.

அடுத்தது தீப்பாதுகாப்பு. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு வெளிச்சுவர் பற்றிய இடபிள்யூஎஸ்1 (EWS1) படிவத்தை மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) கொடுப்பவர்கள் பல கட்டடங்களுக்குக் கேட்கிறார்கள். 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கிலாந்தில் குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ உள்ள கட்டடங்களுக்கு லீஸ்ஹோல்டர் சான்றிதழ், நிலவுரிமையாளர் சான்றிதழ் என்று இரண்டு காகிதங்கள் சேர்ந்துவிட்டன. முதலாவதை நீங்கள் கொடுக்க வேண்டும். 2022 பிப்ரவரி 14 அன்று அந்த ஃபிளாட் யாருடையது, அவர் அதில் குடியிருந்தாரா, வேறு எத்தனை வீடுகள் அவருக்கு இருந்தன என்பதுதான் அதில் முக்கியம். அதற்குப் பிறகு வாங்கியவர் என்றால் பழைய உரிமையாளரின் சான்றிதழ் உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

லெஸ்டரிலிருந்து: 2011இல் லாஃப்டை (கூரையடி இடத்தை) அறையாக மாற்றினோம். கவுன்சிலின் கம்ப்ளீஷன் சான்றிதழ் (கட்டட வேலை விதிப்படி முடிந்ததற்கான சான்று) கிடைக்கவில்லை. கவுன்சிலுக்குப் போன் செய்து கேட்கவா?

கொஞ்சம் பொறுங்கள், முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் பேசுங்கள். சான்றிதழ் இல்லாத வேலைகளுக்கு இன்டெம்னிட்டி பாலிசி (ஒருவகை இன்சூரன்ஸ்) எடுப்பது வழக்கம். கவுன்சிலிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பாலிசியே கிடைக்காமல் போகலாம். ஆனால் பாலிசி காப்பது கவுன்சில் நடவடிக்கையிலிருந்து மட்டும்தான். லாஃப்டின் உறுதிக்கு அது சாட்சி ஆகாது. வாங்குபவர் சர்வேயரை அனுப்பிப் பார்க்க விரும்பினால் தாராளமாக விடுங்கள்.

2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய ஜன்னல்களுக்கு ஃபென்சா சான்றிதழை (ஜன்னல் பொருத்தியது கட்டட விதிப்படி என்ற சான்று) கேட்பார்கள். தொலைந்திருந்தால் சிறு கட்டணத்தில் நகல் கிடைக்கும். பாய்லருக்கும் அப்படியே, கேஸ் சேஃப் என்ற கேஸ் பொறியாளர் பதிவிலிருந்து நகல் வாங்கலாம். விற்பவர் வீட்டு விவரம் தரும் டிஏ6 (TA6) படிவத்தை நிரப்ப உட்காரும்போதுதான் பலர் இதையெல்லாம் தேடத் தொடங்குகிறார்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: வாங்கப் போகும் வீட்டுக்குச் சென்னையிலிருந்து அப்பா கொஞ்சம் பணம் தருகிறார். சொலிசிட்டர் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். சந்தேகப்படுகிறாரா?

இல்லை. பணமோசடித் தடுப்பு விதிகளின்படி அவர் கேட்டே ஆக வேண்டும். அப்பாவின் அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு விவரம், அந்தப் பணம் அவருக்கு எப்படி வந்தது என்பதற்கு ஆதாரம், எல்லாம் தேவைப்படும். நிலம் விற்ற பணம் என்றால் பத்திரமும், தமிழில் இருந்தால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். இது கடன் இல்லை, வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அப்பா ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். மோர்ட்கேஜ் கொடுப்பவருக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரைதான் வெளியே அனுப்ப முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். செயினை நிறுத்தும் காரணங்களில் நம்மவர்கள் வீட்டில் அதிகம் நடப்பது இதுதான். எக்ஸ்சேஞ்ச் வாரத்தில் பணம் வந்து இறங்கினால் எல்லாரும் உங்களுக்காக நிற்பார்கள்.

மில்டன் கீன்ஸிலிருந்து: வீட்டை மாற்றிக்கொடுக்கும் டிஆர்1 (TR1) பத்திரத்தில் என் கையெழுத்துக்கு மனைவி சாட்சி போட்டார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது.

பத்திரத்தில் தரப்பாக இருப்பவர் அதே பத்திரத்துக்குச் சாட்சியாக முடியாது. பக்கத்து வீட்டுக்காரரையோ அலுவலக நண்பரையோ எதிரே நிறுத்திக் கையெழுத்திடுங்கள், அவருடைய பெயரும் முகவரியும் தெளிவாக இருக்கட்டும்.

டூட்டிங்கிலிருந்து: வாங்குபவர் 28ஆம் தேதி உறுதி என்கிறார். லாரி புக் பண்ணவா அக்கா? இன்னும் எக்ஸ்சேஞ்ச் ஆகவில்லை.

வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது, யாரும் அபராதம் இல்லாமல் விலகலாம். 1989 சொத்துச் சட்டப்படி நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்வார்த்தைத் தேதிக்கு மதிப்பில்லை. எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் (விற்பனை முடிந்து சாவி கைமாறும் நாள்) நடுவே குறைந்தது ஒரு வாரமாவது கேளுங்கள், இரண்டு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ரெடிங்கிலிருந்து: ஹெல்ப் டு பை (வீடு வாங்க அரசு கொடுத்த பங்குக் கடன்) கடன் இருக்கும் வீட்டை விற்கிறோம். செயின் தாமதமானால் எங்களுக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு. அந்தக் கடனை அடைக்க எடுக்கும் சர்வேயர் மதிப்பீடு மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் முடியாவிட்டால் நீட்டிப்போ புதிய மதிப்பீடோ வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். வாங்குபவரின் மோர்ட்கேஜ் ஆஃபருக்கும் காலாவதித் தேதி இருக்கிறது. இரண்டு தேதிகளையும் கேட்டு வாங்கி, எது முன்னால் வருகிறதோ அதை இரண்டு சொலிசிட்டர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.